சிமிழும் சிறுமியும்

நோன்புப் பெருநாளுக்குப் பிறை தென்பட்டுவிட்டது என்னும் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்து சிறிது நேரம் ஆகியிருந்தது. நம் மாமியின் இல்லத்துக் கூடத்தில் நாம் அமர்ந்திருந்தோம். அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்தனர். முற்றத்தில் மருதாணி அரைபடும் அம்மியின் ஓசை. அவ்வேளையில் அவ்வீட்டின் ஐந்து வயதுச் சிறுமி உள்ளறையிலிருந்து வெளிப்பட்டாள். உதட்டைத் தாண்டிக் கன்னத்தின் பாதிவரை உதட்டுச்சாயம், நெற்றியெங்கும் முகப்பவுடர், இமைகளின்மேல் நீல நிறம். அவள் பின்னால் நான்கு வயதுத் தம்பி. அவனுக்கும் அதே கோலம். வீட்டார் சிரித்தனர். தந்தை கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார். அவர்களுடைய மூத்தம்மாவாகிய நம் மாமி மட்டும் சிரிக்கவில்லை. "என்ன புள்ள இது கோலம்? போய்க் கழுவிட்டு வா. இந்த வயசுலேயே இதெல்லாம் பழகுனா நாளைக்கு எங்க போய் நிக்கும்?" என்று கடிந்துகொண்டார். சிறுமியின் கண்கள் கலங்கின. தாய் இருவரையும் குழாயடிக்கு அழைத்துச் சென்றார்.

இது எல்லா வீடுகளிலும் நிகழ்வதே. இதனை நாம் இங்கு எழுதப் புகுந்ததற்குக் காரணம் அதன்பின் கண்ட காட்சியாகும். பேத்தியைக் கடிந்த அதே மாமி, சற்று நேரத்தில் மூன்று மாதக் கைக்குழந்தையை மடியில் கிடத்தி, பித்தளைச் சுர்மாச் சிமிழைத் திறந்து, மெல்லிய கோலால் அதன் இரு கண்களிலும் சுர்மா இட்டார். 'பிஸ்மி' சொல்லி, அன்பு ததும்ப இட்டார். எவரும் தடுக்கவில்லை, நாமும் தடுக்கவில்லை. அவ்விரவில் அவ்வீட்டில் நிகழ்ந்த இரண்டு ஒப்பனைகளுள் எது குழந்தைக்குத் தீங்கு என்று கேட்டால், கடிந்துகொள்ளப்பட்டது அன்று, கடிந்துகொள்ளப்படாததே என்பது நம் துணிபு.

சிறு குழந்தைகள் ஒப்பனைப் பொருள்களை வைத்து விளையாடலாமா என்னும் வினாவுக்கு நம்மிடையே இருவகை விடைகள் வழங்குகின்றன. 'கூடவே கூடாது, இளமையிலேயே பகட்டு புகுந்துவிடும், பருவத்துக்கு முந்திய எண்ணங்கள் முளைக்கும்' என்பது பெரியோர் பலரின் விடை. 'குழந்தைதானே, விளையாடிவிட்டுப் போகட்டும். இதில் ஆராய என்ன இருக்கிறது?' என்பது இளந்தாய்மார் பலரின் விடை. முன்னவர் கூற்றில் கவலை இருக்கிறது. அக்கவலையை நாம் எள்ளுபவரல்லோம். பின்னவர் கூற்றில் பரிவு இருக்கிறது, அதனையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் இரு சாராரும் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறார்களேயன்றி, அதன் கையிலுள்ள சிமிழுக்குள் இருப்பது யாது என்று பார்ப்பதில்லை. அச்சிமிழைக் கையில் கொடுத்தவர் யார், என்ன சொல்லிக் கொடுத்தார் என்றும் கேட்பதில்லை.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுவோம். தந்தையின் சவர நுரையை முகத்தில் அப்பிக்கொண்டு, சீப்பின் முதுகால் வழித்துக்கொள்ளும் சிறுவனை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவன் பருவத்துக்கு முந்திக் கெட்டுவிடுவான் என்று எந்த மூத்தம்மாவும் அஞ்சியதில்லை. 'வாப்பாவைப் போலச் செய்கிறான்' என்று மகிழ்கிறோம். தாய் பெருநாளுக்குப் புறப்படுவதைக் கண்ணாடி முன் நின்று பார்த்த சிறுமி, அவர் இல்லாத வேளையில் அவராகித் தன்னைப் பார்த்துக்கொள்வதும் அத்தகையதே. உதட்டுச்சாயம் உதட்டோடு நில்லாமல் கன்னத்துக்கு ஏறியதே அதற்குச் சான்று. அழகுபடுத்திக்கொள்ளும் நோக்கம் அங்கில்லை. வண்ணம் பூசும் இன்பமும் தாயாகும் இன்பமுமே உள்ளன. அவள் சற்று நேரத்தில் அதே சாயத்தால் சுவரில் பூனை வரைந்திருப்பாள்.

மார்க்கத்தின் பெயரால் விளையாட்டையே வெறுப்பார்க்கு ஒன்று கூறுவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாவைகளை வைத்து விளையாடியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்களில்லை என்பதும், அப்பாவைகளுக்கிடையே சிறகுகளுள்ள குதிரையொன்று இருந்ததைக் கண்டு சிரித்தார்கள் என்பதும் ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றவை. குழந்தையின் கற்பனைக்கு அங்கு இருந்த இடத்தை நாம் நம் வீட்டுக் கூடத்தில் குறுக்கிக்கொள்ள வேண்டுவதில்லை.

நம் இலக்கிய மரபையும் எண்ணிப் பார்க்கலாம். நபிகள் நாயகத்தின் மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய பெருமை தமிழ் முஸ்லிம் புலவர்க்கு உண்டு. அச்சிற்றிலக்கிய வகையில் ஆண்பாற் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாற் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் இறுதிப் பருவங்கள் அமையும். பெண்குழந்தைக்குப் புலவர்கள் வகுத்துத் தந்தவை கை ஓங்க, உடல் அசைய, தோழியரோடு கூடி ஆடும் ஆட்டங்களே. கண்ணாடி முன் தனித்து அமரும் பருவம் என ஒன்று அப்பத்தினுள் இல்லை. குழந்தைக்கு அணி பூட்டியவர்கள் பெரியவர்கள். அவ்வணியும் பெரும்பாலும் காவலுக்கானது. ஐம்படைத்தாலி அதற்குச் சான்று. குழந்தையின் கன்னத்தில் வைத்த மைப்பொட்டோ அழகைக் கூட்டுவதற்கன்றி, கண்ணேறு படாதவாறு அழகைச் சற்றுக் குறைப்பதற்கே வைக்கப்பட்டது என்பதை நினைக்கையில் நமக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. இன்று குழந்தைக்கு ஒப்பனை செய்விப்போர் எவரும் அழகைக் குறைக்கும் எண்ணத்தோடு செய்விப்பதாகத் தெரியவில்லை.

எனினும் ஏட்டில் இல்லாதது தெருவில் இருந்தது. செங்கல்லை நீர்தொட்டு உரைத்துச் செஞ்சாந்து எடுத்த சிறுமியர் நம் ஊர்களில் எத்தனையோ பேர். மயிற்கொன்றைப் பூவின் இதழை நகத்தில் ஒட்டி நீள்நகம் ஆக்கிக்கொண்டனர். பெரியவர் மடித்துத் தந்த வெற்றிலைத் துணுக்கை மென்று, நாக்கு யாருக்கு மிகச் சிவந்தது என்று நீட்டிக் காட்டினர். அந்திமந்தாரை விதையை உடைத்து உள்ளிருக்கும் வெண்தூளைப் பவுடராகப் பூசிக்கொண்டனர். (அவ்விதையை வாயிலிட்டால் வயிற்றுக்கு ஆகாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.) ஜப்பானியச் சிறுமியரும் இவ்வாறே செய்தனர் போலும், அச்செடிக்கு அவர்கள் மொழியில் 'முகப்பவுடர்ப் பூ' என்றே பெயர். விளையாட்டு ஒப்பனை புதிதன்று. புதிதாக வந்தது, அவ்விளையாட்டுக்கென்று கடை விற்கும் பொருள்.

ஜப்பானைக் குறிப்பிட்டதால் அந்நாட்டின் முகப்பவுடர் பற்றிய செய்தியொன்றை விரிவாகவே கூற விரும்புகிறோம். அங்குப் பெண்டிரும் நாடக நடிகரும் பூசிய வெண்ணிறப் பூச்சு நெடுங்காலம் ஈயத்தால் ஆனது. 1887ஆம் ஆண்டில் பேரரசர் முன்னிலையில் நடித்த கபுக்கி நடிகர் ஒருவர் கால் நடுக்கத்தால் தடுமாறினார். ஈய நஞ்சே காரணம் என்று தெரிந்தது. ஆயினும் பூச்சு நிற்கவில்லை. அந்நாட்டில் கைக்குழந்தைகள் பலர் மூளைக்காய்ச்சல் போன்றதொரு நோயால் இறந்துகொண்டிருந்தனர்; காரணம் புலப்படவில்லை. கியோட்டோவில் குழந்தை மருத்துவராயிருந்த ஹிராய் என்னும் பேராசிரியர் 1923ஆம் ஆண்டில் அக்காரணத்தை வெளிப்படுத்தினார். தாய்மார் முகத்திலும் கழுத்திலும் பூசிய ஈயப் பூச்சு, மடியில் கிடந்த மழலையின் உடலுக்குள் சென்றிருந்தது. பிறகுதான், 1930களில், ஈய வெள்ளைக்கு அங்குத் தடை வந்தது. எந்தத் தாயும் தன் குழந்தைக்கு நஞ்சூட்ட நினைத்தவளல்லள். அழகுக்குப் பூசினாள், அணைத்துக்கொண்டாள். நடந்தது அவ்வளவே.

இச்செய்தி பழங்கதை என்று தள்ளத்தக்கதன்று. ஏனெனில் நம் மாமியின் பித்தளைச் சிமிழுக்குள்ளும் அதே ஈயம் இருந்திருக்கக்கூடும். சுர்மாவுக்கு நம்மிடையே தனி மதிப்பு உண்டு. நபிமொழியில் சிறப்பித்துக் கூறப்பட்ட 'இஸ்மித்' என்பது நம் மருத்துவ நூல்கள் அஞ்சனக்கல் என்று வழங்கும் பொருள் எனப் பலரும் பொருள் கொள்வர்; ஆண்டிமனி என்னும் உலோகத்தின் கனிமம் அது. ஆனால் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் கடைகளில் வாங்கிச் சோதித்த சுர்மாக்களுள் பல, கலீனா என்னும் ஈயக் கனிமத்தைப் பொடித்துச் செய்தவையாகவே இருந்தன. இரண்டு கனிமங்களையும் பொடித்து வைத்தால் கருமையும் மினுமினுப்பும் ஒன்றுபோலத் தோன்றும். வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது. பள்ளிவாசல் வாயிலில் விற்றாலும், புனிதப் பயணம் சென்றவர் கொணர்ந்தாலும் பொருளின் வேதியியல் மாறிவிடுவதில்லை. அமெரிக்க நாட்டில் இத்தகைய சுர்மாவையும் கண்மையையும் விற்பதற்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. நம் நாட்டிலும் நிறமூட்டுவதற்காக ஈயச் சேர்மம் கலந்த ஒப்பனைப் பொருளை உற்பத்தி செய்வது சட்டப்படி கூடாது. சட்டம் எட்டாத இடத்தில் சிமிழ்கள் விற்கப்படுகின்றன.

கண்ணில் இடுவது கண்ணோடு நின்றுவிடுமே, உடலுக்குள் எவ்வாறு போகும் என்று சிலர் வினவலாம். கண்ணிலிருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் செல்லும் கண்ணீர்க் குழாயை இறைவன் அமைத்திருக்கிறான். அதுவுமன்றிக் குழந்தை கண்ணைக் கசக்கும். கசக்கிய கையை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் சென்ற ஈயத்தைப் பெரியவர் உடல் ஏற்பதினும் நான்கைந்து மடங்கு மிகுதியாகச் சிறு குழந்தையின் உடல் ஏற்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஈயத்தில் 'இவ்வளவு வரை தீங்கில்லை' என்று சொல்லத்தக்க அளவு ஒன்றில்லை என்பதும் அதன் கூற்று. அது மூளை வளர்ச்சியைத் தாக்கும். கற்கும் ஆற்றலைக் குறைக்கும். குறைந்ததை மீட்டுத் தரும் மருந்து இல்லை. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையே என்று வகுப்பு வகுப்பாகத் தனிப்பயிற்சிக்கு அனுப்பும் நாம், தொட்டிலில் கிடக்கும்போது அதன் கண்ணில் இட்டது என்ன என்பதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

விளக்குச் சுடரில் கரி பிடித்து விளக்கெண்ணெயில் குழைத்த வீட்டு மையில் இத்தீங்கு இல்லை. அது வெறுங் கரி. ஆயினும் கைக்குழந்தையின் கண்ணுக்குள் அதனையும் இட வேண்டாம் என்றே குழந்தை மருத்துவர்கள் கூறுகின்றனர். இடும் விரலின் அழுக்குப் போதும், கண் நோய் வருவதற்கு. கன்னத்திலோ உள்ளங்காலிலோ வைத்துக்கொள்ளட்டும். கண்ணேறு கழிக்க அதுவே போதுமானது.

பவுடரைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். குழந்தையைக் குளிப்பாட்டியதும் வெண்புகை எழப் பவுடர் கொட்டுவது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம். அப்புகையை முதலில் மூச்சிழுப்பது குழந்தை. மாக்கல் தூளால் ஆன குழந்தைப் பவுடரை உலகப் புகழ்பெற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமே 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகெங்கும் கைவிட்டுச் சோளமாவுக்கு மாறிக்கொண்டது. சிறுமியர்க்கென்று அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒப்பனைப் பொருள்கள் சிலவற்றில் கல்நார் கலந்திருந்ததை அந்நாட்டு அரசு 2019இல் அறிவித்து எச்சரித்தது. அவ்வளவு கண்காணிப்பு உள்ள நாட்டிலேயே இந்நிலை எனில், சந்தனக்கூட்டுக் கடைத்தெருவிலும் ஊர்ச் சந்தையிலும் இளஞ்சிவப்புப் பெட்டிகளில் அடுக்கி விற்கப்படுவனவற்றைப் பற்றி என்ன சொல்வது? ஒப்பனைப் பொருளின் உறையில் உற்பத்தியாளர் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், எந்நாள்வரை பயன்படுத்தலாம் என்பதும் அச்சிடப்பட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். நாம் அண்மையில் ஒரு கடைத்தெருவில் இத்தகைய பெட்டிகள் ஐந்தாறை எடுத்துப் புரட்டிப் பார்த்தோம். இளவரசியின் படம் எல்லாவற்றிலும் இருந்தது; முகவரி ஒன்றிலும் இல்லை. கடைக்காரர், "பொம்மைதானே பாய், இதுக்கெல்லாம் யாரு அட்ரஸ் பாக்குறாங்க?" என்றார்.

மருதாணியும் தப்பவில்லை. இலையைப் பறித்து, பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அரைத்து, இரவெல்லாம் விரல்களில் தொப்பியாகப் போர்த்துக் காலையில் கழுவிப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு ஈடு எது? தாயும் மகளும் மூத்தம்மாவும் ஒரே கிண்ணத்திலிருந்து இட்டுக்கொள்ளும் ஒப்பனை அது. ஆனால் ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலெனப் பிடிக்கும் 'கருப்பு மருதாணி'க் கூம்புகள் இப்போது வந்துள்ளன. மருதாணி இலைக்குக் கருமை இல்லை. அக்கருமை பெரும்பாலும் தலைமுடிச் சாயத்துக்குரிய பாராபினைலின்டையமின் என்னும் வேதிப்பொருளால் வருவது. தோலில் பட்டால் சில குழந்தைகளுக்குக் கொப்புளம் கிளம்பும், வடு தங்கும், பிற்காலத்தில் அப்பொருள் எவ்வடிவில் பட்டாலும் உடல் வெகுண்டெழும். பொறுமையின்றி ஒரு மணி நேரத்தில் கருமை வேண்டும் என்று கேட்பது குழந்தையன்று என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சிமிழுக்குள் இருப்பதைப் பற்றிச் சொன்னோம். சிமிழோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சொல்லைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். நம் நெஞ்சை உறுத்துவது அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தங்கையின் மகள் பயின்ற பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தோம். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. குழு நடனமொன்றில் இருபது குழந்தைகளுள் ஒருத்தியாய் நின்றாள். திரை விலகியதும் இருபது முகங்களும் ஒரே வெண்மை, ஒரே சிவப்பு. நாமும் பிறரோடு சேர்ந்து கைதட்டினோம். விழா முடிந்து வீடு திரும்புகையில், வண்டியில் நெடுநேரம் பேசாதிருந்தவள், "மாமா, எல்லாருக்கும் ஒரு தடவைதான் பூசினாங்க. எனக்கும் இன்னொரு பிள்ளைக்கும் மட்டும் ஏன் ரெண்டு தடவை பூசினாங்க?" என்று கேட்டாள். நமக்கு விடை தெரியாமலில்லை. அவளுக்கும் தெரியாமலில்லை, தெரிந்ததனால்தான் கேட்டாள். மேடை வெளிச்சத்துக்காக என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அடுத்த வாரம் அவள் தாய் தம் மேசையிலிருந்த வெளுப்புக் களிம்புக் குழாய் பாதி தீர்ந்திருப்பதைக் கண்டு நமக்குச் சொல்லியனுப்பினார். குழந்தை யாருக்கும் தெரியாமல் இரவில் பூசிக்கொண்டு உறங்கியிருக்கிறாள்.

முன்னே சொன்ன ஐந்து வயதுச் சிறுமி பூசியதும் ஒப்பனை. இவள் பூசியதும் ஒப்பனை. ஆனால் அவள் எல்லோர் முன்னும் வந்து நின்று காட்டினாள், இவள் ஒளித்தாள். அவள் வேறொருவராக விளையாடினாள். இவள் தன்னை மறைத்துக்கொண்டாள். முன்னதை நாம் கடிந்தோம், பின்னதற்குக் கைதட்டினோம். விளையாட்டு வினையாவது இவ்விடத்தில்தான்.

அக்குழாய்க்குள் என்ன இருந்தது என்பதும் எண்ணத்தக்கது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயோடு வந்தவர் சிலரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் வெளுப்புக் களிம்பு பூசி வந்தவர்கள் என்றும், அக்களிம்புகளில் பாதரசம் மிகுந்திருந்தது என்றும் 2023இல் வெளிப்படுத்தினர். நோயுற்றோருள் பள்ளி வயதுச் சிறுமியும் இருந்தார். அம்மாநில அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவ்வாண்டில் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்னும் பெயரில் கடைகளைச் சோதித்தது. தோலின் கருநிறப் பொருள் உண்டாவதைத் தடுப்பது பாதரசத்தின் இயல்பு. ஆதலின் பூசியவர் சில நாள்களில் வெளுப்பது மெய்தான். அந்த வெளுப்புக்கு விலை சிறுநீரகம். வளைகுடா நாட்டிலிருந்து வருவோர் பெட்டியில் கொணரும் பெயரறியாக் களிம்புகளைப் பரிசாகப் பெற்று மகிழும் நம் இல்லங்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இதில் தனி வெட்கம் உண்டு. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி நிறத்துக்குப் பெயர் மாமை. மாந்தளிர் போன்ற அக்கருமையே கவின் எனப்பட்டது. பிரிவுத் துயரால் அது கெட்டு மேனி வெளிறுவதே பசலை. அதை நோயாகக் கருதினர். திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் அவ்வெளிறலைப் பற்றிய புலம்பல்தான். இன்று அதே பசலையைக் குழாயில் அடைத்துக் காசுக்கு விற்கின்றனர். நாமும் வரிசையில் நின்று வாங்குகிறோம். வகுப்பறையில் மாமைக்கு உரை சொல்லிவிட்டு, வீட்டில் பெண் பார்க்கப் போகும்போது 'நிறம் எப்படி?' என்று கேட்பவர்கள் நம்முள் இல்லையா? 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லை நீக்கிக்கொண்டது. வணிகர்க்கு வந்த கூச்சம் நம் திருமணத் தரகர்க்கும் மாமிமார்க்கும் இன்னும் வரவில்லை.

இவற்றோடு ஒப்பிட, மேலைநாடுகளில் இப்போது பேசப்படும் மற்றொன்று நம் ஊர்களுக்குச் சற்றுத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றலாம். எட்டு, பத்து வயதுச் சிறுமியர் முதுமைச் சுருக்கம் நீக்கும் களிம்புகளை வாங்கிப் பூசுகின்றனர். சுவீடன் நாட்டு மருந்துக்கடை நிறுவனமொன்று 15 வயதுக்குட்பட்டோர்க்கு அத்தகையவற்றைத் தாராளமாக விற்பதில்லை என்று 2024இல் முடிவு செய்தது. சுருக்கமே விழாத தோலுக்குச் சுருக்க நீக்கி! இதனை அவர்கள் கற்றது கைபேசித் திரையில். அத்திரை நம் வீடுகளிலும் உண்டு. பெருநாள் இரவில் ஐந்து வயதுச் சிறுமியின் கோலத்தைப் படம் பிடித்த தந்தை அப்படத்தை உறவினர் குழுக்கள் பலவற்றுக்கும் அனுப்பினார். சற்று நேரத்தில் 'என்ன அழகு', 'மாஷா அல்லாஹ், மணப்பெண்' என்று விடைகள் வந்தன. அவற்றைச் சிறுமிக்கே படித்துக் காட்டினர். பூனை வரையவிருந்த சாயம் அப்போது வேறொன்றாகிவிட்டது. பெரியோர் அஞ்சும் பகட்டு சாயத்திலிருந்து வருவதாக நமக்குத் தோன்றவில்லை, அவ்விடைகளிலிருந்து வருகிறது.

ஆகவே, தாய் அருகிருக்க, பெயரும் முகவரியும் உள்ள நல்ல பொருளைக் கண்ணுக்குள் படாமல் சற்று நேரம் பூசி விளையாடிக் கழுவிவிடும் குழந்தையை விட்டுவிடலாம் என்பது நம் கருத்து. பல குழந்தைகளுக்கு ஒரே பஞ்சு, ஒரே தூரிகை வேண்டா. கண்நோய் பரவும் காலங்களில் சொல்லவே வேண்டுவதில்லை. நகச்சாயம் விரல் சப்பும் வயதில் ஆகாது. வெளுப்புக் களிம்பு எவ்வயதிலும் ஆகாது. பள்ளி விழாக்களில் நிறம் பார்த்துப் பூசும் வழக்கத்தை நிறுத்தும்படி ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறோம். அவர்களுள் பலர் நம் மாணவர்களாய் இருந்தவர்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நம் கல்லூரி வேதியியல் துறை நண்பர்களிடமும் ஒரு விண்ணப்பம்: ஊரில் விற்கும் சுர்மாக்களில் பத்தையேனும் வாங்கி, ஈயம் உள்ளதா என்று சோதித்துச் சொன்னால், ஜும்ஆ நாளில் அறிவிக்கச் செய்யும் பொறுப்பை நாம் ஏற்கிறோம்.

பெருநாள் கழிந்த வாரத்தில் மாமியிடம் சுர்மாவைப் பற்றிப் பேசினோம். ஜப்பான் கதை முதல் எல்லாவற்றையும் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்க மாமா ஹஜ்ஜுக்குப் போனப்ப எனக்குன்னு வாங்கிட்டு வந்தது. எம் பிள்ளைங்க நாலு பேருக்கும் இதுலதான் இட்டேன். யாரு என்ன ஆயிட்டாங்க?" என்றார். அதற்கு நாம் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் சிமிழைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "சரி, புள்ளைக்கு வேணாம்னா வேணாம்" என்று எழுந்துபோய் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். இப்போது அது அங்கே இருக்கிறது, பேத்திக்கு எட்டாத உயரத்தில். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எடுத்துத் தம் கண்களுக்கு இட்டுக்கொள்கிறார். அதைப் பற்றிப் பேச நாம் இன்னும் துணியவில்லை.